கண்ணாடிக்குள் தெரியும் கூட்டம் மேடை அச்சத்தைத் தீர்க்குமா?

கேள்வி: ஈரோட்டு வாசகர் ஒருவர், 9 பிப்ரவரி 2025

என் மகள் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. மதிப்பெண்ணுக்குக் குறையில்லை. செமினார் என்றால் மட்டும் முதல் நாள் இரவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். கோவையில் வி.ஆர். கண்ணாடியை (கணினி உருவாக்கும் மெய்நிகர்க் காட்சியைக் கண்முன் காட்டும் கருவி) மாட்டி, அதற்குள் தெரியும் கூட்டத்தின் முன் பேச வைத்து இந்த அச்சத்தைப் போக்குவதாக ஒருவர் சொன்னார். பொம்மைக் கூட்டத்தின் முன் பேசிப் பழகியவள் நிஜக் கூட்டத்தின் முன் எப்படிப் பேசுவாள்? வீடியோ கேமுக்குக் காசு கொடுப்பதாகவே எனக்குப் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: திருப்பூர் வாசகி ஒருவர், 9 பிப்ரவரி 2025, இரவு

பொம்மைக் கூட்டம் என்பது உண்மை. பொம்மை என்று தெரிந்தே அதன் முன் நிற்கும்போதும் உள்ளங்கை வியர்க்கிறது என்பதும் உண்மை. 2023-இல் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேசியவள் நான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பவர் டேபிள் என்னும் தையல் இயந்திர வரிசையில் நாற்பது பேருக்கு நடுவே நின்று, ஓவர்லாக் என்னும் விளிம்புத் தையல் எங்கே பிரிகிறது என்று இயந்திரச் சத்தத்தையும் மீறிச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. அதே செய்தியை ஏ.சி. அறையில், பையர் (சரக்கை வாங்குபவர்) எதிரில், திரையைக் காட்டி எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதற்காகவே இரண்டு முறை பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளின் படிப்பைக் காரணமாகச் சொன்னேன். வீட்டுக்காரருக்குக்கூட உண்மைக் காரணம் தெரியாது.

கோவையில் ஓர் உளவியலாளரிடம் பத்து வாரம் போனேன். அதில் ஆறு வாரம் கண்ணாடியோடு. இப்போது மாதக் கூட்டத்தில் நான்தான் பேசுகிறேன். அச்சம் போய்விட்டது. தயங்காமல் அனுப்புங்கள்.

11 பிப்ரவரி 2025

முந்தாநாள் அவசரத்தில் எழுதியதால், அங்கே என்னதான் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு பழகுவது என்பது கண்ணாடிக்கு முந்தைய முறை. ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1950-களிலேயே, அஞ்சும் சூழல்களைப் படிக்கட்டுப் போல வரிசைப்படுத்தி, எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் வழியை எழுதி வைத்தார். பதற்றத்தைச் சுழியத்திலிருந்து நூறு வரை நம் வாயாலேயே மதிப்பிடச் சொல்லும் அளவுகோலும் அவர் தந்ததுதான். 1995-இல் அமெரிக்காவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் ஆகியோர் உயரத்துக்கு அஞ்சும் மாணவர்களிடம் மெய்நிகர்க் காட்சிகளைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார்கள். மேடை அச்சத்துக்கும் அது சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது.

நான் முதல்நாள் கண்ணாடியை மாட்டியபோது கொண்டை ஊசி பட்டையில் மாட்டிக்கொண்டது. ஊசியை எடுத்து முடியைத் தளரப் பின்னிக்கொண்டு மறுபடி மாட்டினேன். கன்ன எலும்பின் மேல் கனம் உட்கார்ந்தது. எனக்கு முன் யாரோ மாட்டியிருந்த நுரைப் பட்டையில் சோப்பு வாசம் அடித்தது. பிறகு அறை மறைந்து, நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். தலையைத் திருப்பினால் சுவரில் கடிகாரம், குனிந்தால் மேசை விளிம்பு. ஒரு நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை. துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) குறைவதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். உளவியலாளர் தம் கணினியில் எதையோ அழுத்தியிருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்தவர் கொட்டாவி விட்டார். என் குரல் அந்த நொடியே மெலிந்தது. “இப்ப எத்தனைங்க?” என்று காதருகே கேட்டார். “எண்பத்தஞ்சு” என்றேன்.

இது எனக்கு மட்டும் நேர்வதன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வித உணர்ச்சியும் காட்டாத கூட்டம், ஆர்வமாகக் கேட்கும் கூட்டம், அலட்சியம் காட்டும் கூட்டம் என மூன்று வகை மெய்நிகர்க் கூட்டங்களின் முன் பேச வைத்தார்கள். அலட்சியக் கூட்டம், மேடையில் இயல்பாகப் பேசக்கூடியவர்களையும் கலங்கடித்தது. உண்மையான மனிதர்களை வாரந்தோறும் கூட்டி வந்து, சொன்ன இடத்தில் கொட்டாவி விடச் சொல்ல முடியாது. கண்ணாடியின் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஒரே தொல்லையை வேண்டிய அளவில், வேண்டிய முறை திரும்பத் தரலாம்.

பதற்றம் பாதியாகக் குறையும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பது விதி. நேரில் பழகுவதைவிட இது சிறந்தது என்று ஆய்விலேயே வந்திருக்கிறது.

12 பிப்ரவரி 2025

நேற்றைய கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு மறுபடி படித்துப் பார்த்தேன். பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 97 பேர் இருந்தார்கள். மெய்நிகர் முறையில் எட்டு அமர்வு எடுத்தவர்களும், குழுவாகக் கூடி ஒருவர் முன் ஒருவர் பேசிப் பழகியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள்; ஓராண்டுக்குப் பிறகும் அந்தத் தேர்ச்சி நிலைத்தது. மெய்நிகர் முறை சற்று மேலாக வந்தது கனடாவில் ஸ்டெஃபான் பூஷார் குழுவினர் 59 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில். ஆகவே, நேரில் பழகுவதற்கு இது குறைந்ததன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. உங்கள் கேள்விக்கு அதுவே போதுமான விடையும்கூட.

20 பிப்ரவரி 2025

கண்ணாடியைவிட எனக்கு அதிகம் உதவிய ஒன்றைச் சொல்லவே இல்லை.

மூன்றாம் வாரம் உளவியலாளர் என் கையிலிருந்த தாளைக் கேட்டார். கண்ணாடி மாட்டியிருக்கும்போது தாளைப் படிக்க முடியாது. ஆனாலும் நான் அதை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கே அது தெரியவில்லை. இவற்றைக் காப்புப் பழக்கங்கள் என்கிறார்கள். தாளைப் பிடித்துக்கொள்வது, யார் கண்ணையும் பாராமல் சுவரைப் பார்ப்பது, இடைவெளி விழுந்துவிடக் கூடாதென்று மூச்சு வாங்காமல் பேசுவது, கை நடுங்குவது தெரியாமலிருக்க முந்தானையைப் பற்றிக்கொள்வது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-இல் இதை விளக்கினார்கள்: அச்சமுள்ளவரின் கவனம் கூட்டத்தின் மேல் இருப்பதில்லை, தான் எப்படித் தோன்றுகிறோம் என்று தன்னையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சு நல்லபடி முடிந்தாலும், தாள் இருந்ததால் பிழைத்தேன் என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை அச்சம் அப்படியே இருக்கிறது.

தாளை வாங்கிக்கொண்டு ஒரு படிவம் கொடுத்தார். எங்கள் செக்கிங் டேபிளில் வைத்திருக்கும் சோதனைப் படிவம் போலவே இருந்தது. பேசுமுன், நடக்கப் போவதாக நான் அஞ்சுவதை அதில் எழுத வேண்டும். “மூன்றாம் நிமிடத்தில் குரல் நிற்கும்: 80 விழுக்காடு.” “கை நடுங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள்: 95.” பேசி முடித்த பிறகு, நடந்ததை எதிரே எழுத வேண்டும். துணி சுருங்காது என்று ஆலைக்காரர் வாயால் சொன்னால் நாங்கள் நம்பி வெட்டுவதில்லை. துவைத்து அளந்து பார்த்த பிறகே வெட்டுக்கு அனுப்புகிறோம். பத்தொன்பது ஆண்டுகளாகத் துணிக்குச் செய்துவரும் இந்தச் சோதனையை என் அச்சத்துக்கு ஒருநாளும் செய்து பார்த்ததில்லை என்பது அந்தப் படிவத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கை நடுங்குவது பற்றி: அவர் என் பேச்சைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். எனக்குள் நடந்த நிலநடுக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே தெரியவில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் இதையே காட்டியிருக்கிறார்கள். பேசுபவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது பேசியவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். உங்கள் மகளுக்கு வேறு எதையும் சொல்லாவிட்டாலும் இதை மட்டும் சொல்லுங்கள்.

2 மார்ச் 2025

எங்கே போவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் எழுத மாட்டேன். எங்கே ஏமாந்தேன் என்பதை எழுதுகிறேன்.

கோவை உளவியலாளரைக் கண்டுகொள்வதற்கு முன் வேறோர் இடத்துக்குப் போயிருந்தேன். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கினார்கள். வரவேற்பில் இருந்த பையன் கண்ணாடியை மாட்டிவிட்டு, “இருபது நிமிஷம் பேசுங்க மேடம்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். எதற்கு அஞ்சுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பதற்ற அளவு, படிவம், வீட்டுப் பயிற்சி ஒன்றும் கிடையாது. மூன்றாம் நாள் தலை சுற்றி, வண்டி ஓட்ட முடியாமல் பேருந்தில் திரும்பினேன். மீதிப் பணம் கடைசிவரை வரவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, குறை என்னிடம்தான் என்று நினைத்து எட்டு மாதம் எங்கும் போகாமல் இருந்தேன். பணம் போனதைவிட அந்த எட்டு மாதம் போனதே எனக்கு ஆறவில்லை.

ஆகவே, முதலில் ஆளைப் பாருங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. முதல்நாளே கண்ணாடியை எடுப்பவரைவிட, முதல் இரண்டு நாள் பேசிக் கேட்பவர் மேல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கண்ணாடி இல்லாவிட்டாலும், எதிர்கொண்டு பழகும் முறையைக் கண்ணாடி இல்லாமலும் செய்யலாம். எங்கே தொடங்குவதென்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

தலைசுற்றல் பற்றியும் ஒரு சொல். கண் அசைவைக் காண, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவில்லை என்று சொல்ல, இரண்டும் முரண்படுவதால் வருவது அது. மேடைப் பேச்சுக் காட்சியில் ஓரிடத்தில் நிற்பதால் பெரும்பாலும் வராது. எனக்கு அங்கே வந்ததற்குக் காரணம் கண்ணாடியைச் சரியாகப் பொருத்தாததுதான் என்று பிறகு அறிந்தேன். வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் மாட்டக் கூடாது.

3 மார்ச் 2025

மாத்திரை போட்டுக்கொண்டு பேசலாமே என்று கேட்டவருக்கு: ப்ராப்ரனலால் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் என்பது சரி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

16 மார்ச் 2025

ஈரோட்டு அன்பர் மறுபடி எழுதியிருக்கிறார். மகளிடம் கேட்டாராம். “அப்பா, நாலு பேர் பார்க்கிறாங்கன்னு பயமில்லை, இங்கிலீஷ்ல வார்த்தை வராம நின்னுடுவேன்னுதான் பயம்” என்றாளாம்.

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தயங்காமல் அனுப்புங்கள் என்று அன்று எழுதியது என் பிழை. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் இரண்டு முடிச்சுகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று கூட்டத்தின் மேலுள்ள அச்சம். மற்றொன்று, கையில் போதிய சொல் இல்லாததால் வரும் நியாயமான தயக்கம். இரண்டாவதற்குக் கண்ணாடி மருந்தாகாது. நீந்தத் தெரியாத பிள்ளையிடம் தண்ணீரைக் கண்டு அஞ்சாதே என்று சொல்வதில் பொருளில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே செமினாரைத் தமிழில், வீட்டில் ஐந்தாறு பேர் முன் எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள். தமிழிலும் வயிறு கலங்கினால் அது கூட்டத்தின் அச்சம். தமிழில் தங்குதடையின்றி வந்தால், அந்தப் பெண்ணுக்குத் தேவை ஆங்கிலத்தில் நாள்தோறும் பத்து நிமிடம் பேசிப் பழக ஒரு தோழி. இரண்டும் கலந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் தடுமாறினால் சிரிக்கும் வகுப்பும், அந்தச் சிரிப்பைத் தடுக்காத ஆசிரியரும் இருக்கும்போது, மாற வேண்டியது அந்தப் பெண் மட்டும்தானா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு இதில் கோபம் உண்டு.

6 ஏப்ரல் 2025

அச்சம் போய்விட்டது என்று பிப்ரவரியில் எழுதினேன். அந்த வரி இரண்டு மாதமாக உறுத்துகிறது. அது முழு உண்மையன்று.

பையர் முன்னால் பேசுகிறேன், உண்மை. ஊரில் பேச முடியாது. கோபிக்கு (கோபிசெட்டிபாளையம்) பக்கத்தில் எங்கள் ஊர். எட்டாம் வகுப்பில் பள்ளி ஆண்டுவிழாவில் வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறினேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். முன்வரிசையில் ஒரம்பரை (உறவினர்) முழுவதும் உட்கார்ந்திருந்தது. அவர்கள் சிரித்தது அன்பினால்தான் என்று இன்று புரிகிறது. பதின்மூன்று வயதில் அது புரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சீரிலும் (குடும்பச் சடங்கு), ஒவ்வொரு நோம்பியிலும் (பண்டிகை), பந்தியில் இலை போட்டதும் பெரியம்மா அந்தக் கதையை எடுப்பார்.

கண்ணாடிக்குள் இருந்த கோட்டுக்காரர்கள் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். அலுவலகக் கூட்டத்துக்கு அது பொருந்தியது, ஏனெனில் பையரும் தெரியாதவர். என்னைக் குழந்தையிலிருந்து அறிந்த ஐம்பது பேர் முன் நிற்கும் அச்சம் அந்த மென்பொருளில் எந்தப் பட்டியலிலும் இல்லை. நம் பக்கத்தில் பலருக்கு அச்சம் இந்தத் திசையிலிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் என்ன நினைப்பார் என்பது இரண்டாம் பட்சம்; நாளைக்கும் நாளை மறுநாளும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதே பெரிது.

இதை மார்ச் கடைசியில் உளவியலாளரிடம் மறுபடி போய்ச் சொன்னேன். அவர் 360 பாகைக் காணொளியைப் பற்றிச் சொன்னார். கணினியில் வரைந்த மனிதர்களுக்குப் பதிலாக, உண்மையான இடத்தையே சுற்றிலும் படமெடுத்துக் கண்ணாடிக்குள் பார்ப்பது. 2017-இல் வெளியான ஒரு ஆய்வில், நெதர்லாந்து மாணவர்கள் காலி வகுப்பறை, சிறு கூட்டம், பெரிய கூட்டம் என்ற வரிசையில் இப்படிப்பட்ட காணொளியைக் கொண்டு வீட்டிலேயே பழகி, அச்சம் குறையப் பெற்றிருக்கிறார்கள்.

என் சித்தப்பா மகன் கோபியில் கல்யாண வீடியோ எடுப்பவன். அவனிடம் அந்தக் கேமரா இருந்தது. சென்ற ஞாயிறு ஒரு சீருக்காக எல்லோரும் மண்டபத்தில் கூடியபோது, மைக் இருக்கும் இடத்தில், என் கண் மட்டத்துக்குக் கேமராவை நிறுத்தினோம். காலையில் காலி மண்டபம் நாலு நிமிடம். பிறகு பத்துப் பேர். பந்திக்கு முன் ஐம்பது பேர். எதற்கென்று எல்லோரிடமும் சொல்லிச் சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன். பெரியம்மாவிடம் சொல்லும்போது மட்டும் குரல் அடைத்தது.

அன்றிரவு போட்டுப் பார்த்தேன். மூன்றாம் வரிசைக்கு அப்பால் முகங்கள் மங்கல். ஆனால் ஒவ்வொருவரும் உட்கார்ந்திருந்த விதமே போதுமாக இருந்தது. மாமா துண்டை மடித்து மடித்துத் தொடையில் வைக்கிறார். சிவப்பு நாற்காலியை யாரோ இழுக்கும் சத்தம். பெரியம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, என்னை நேராகப் பார்த்துக்கொண்டே காம்பைக் கிள்ளுகிறார். தொண்ணூற்றைந்து. கோட்டுக்காரர்கள் முன் எனக்கு அவ்வளவு ஏறியதே இல்லை.

27 ஏப்ரல் 2025

இன்னொரு திருத்தம். பதற்றம் பாதியாகும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று பிப்ரவரி 11 அன்று விதி போல எழுதினேன். மண்டபக் காணொளியில் பல நாள் எண்பதிலிருந்து இறங்கவே இல்லை. தோற்றுவிட்டேன் என்று எண்ணி உளவியலாளரை அழைத்தேன். அந்தப் பாதிக் கணக்கு பழைய பாடம் என்றார். மிஷெல் கிராஸ்க் என்ற உளவியலாளரும் அவர் வழியில் வந்தவர்களும் சொல்வது வேறு. அந்த அமர்விலேயே பதற்றம் இறங்குவது கட்டாயமில்லை. நேரும் என்று அஞ்சியது நேரவில்லை என்பதை மனம் கண்டுகொள்வதே முக்கியம். பழைய அச்சம் அழிந்துபோவதில்லை. அதன் பக்கத்தில் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. அதனால்தான் இடத்தையும் நேரத்தையும் கேட்போரையும் மாற்றி மாற்றிப் பழக வேண்டுமாம்.

இதைக் கேட்டதும் இடைவெளி விடப் பழகினேன். பேச்சின் நடுவே வேண்டுமென்றே பத்து நொடி நிற்பது. எட்டாம் வகுப்பில் நின்றதைப் போலவே நிற்பது. முதல் முறை பத்து நொடி ஒரு மணி நேரமாக இருந்தது.

25 மே 2025

நேற்று பேசினேன். கண்ணாடி இல்லாமல், அதே மண்டபத்தில், பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளில். ஆறு நிமிடம்.

படிவத்தில் முன்கூட்டி எழுதியது: “நடுவில் மறந்துவிடும்: 90. மறந்தால் சிரிப்பார்கள்: 85. பெரியம்மா பழைய கதையை எடுப்பார்: 100.”

நடுவில் மறந்தது. பெரியப்பா 1978-இல் கிணறு வெட்டியதைச் சொல்ல வந்து, அடுத்த வாக்கியம் வரவில்லை. நின்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து பெரியம்மாதான், “தண்ணியக் குடிச்சுப் போட்டு நிதானமாச் சொல்லு அம்மணி, நாங்க எங்க போறோம்” என்றார். குடித்தேன். சொன்னேன்.

பந்தியில் அவர் பழைய கதையை எடுக்கத்தான் செய்தார். ஆனால் இந்த முறை, “அன்னைக்குத் தண்ணி குடுக்க எனக்குத் தோணாமப் போச்சு” என்று முடித்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் அந்தக் கதையை எதற்காகச் சொல்லி வந்தார் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1 ஜூன் 2025

ஈரோட்டு அன்பருக்கு. உங்கள் மகள் தமிழில் சொல்லிப் பார்த்தபோது பாதி நன்றாக வந்தது, பாதியில் வயிறு கலங்கியது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு முடிச்சும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குத் தோழி கிடைத்துவிட்டாள் என்பது நல்ல செய்தி. கண்ணாடிக்குப் போவதானால், 2019-இல் ஸ்வீடனில் ஃபிலிப் லிண்ட்னர் குழுவினர் செய்தது போல் செய்யச் சொல்லிக் கேளுங்கள்: மூன்று மணி நேரம் ஒரே அமர்வில் கண்ணாடியோடு பேசிய பிறகு, நான்கு வாரம் வெளியே நிஜமான இடங்களில் பேசிப் பழகும் திட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த நான்கு வாரத்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

தன் வகுப்பறையையே படமெடுக்கலாமா என்று அவள் கேட்டதாகச் சொன்னீர்கள். துறைத்தலைவரிடமும் வகுப்பில் இருப்பவர்களிடமும் அவளே எழுந்து நின்று அனுமதி கேட்கட்டும். அதுவும் படிக்கட்டில் ஒன்றுதான். தம்பியிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை அவனுக்கு ஈரோட்டில் வேலை இருக்கிறது, கேமராவைக் கொண்டுவந்து தருவான். முக்காலியை அவள் கண் மட்டத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். முதலில் காலி அறையை எடுக்கட்டும்.